கொழுப்பு நீக்கிய பன்றி மாமிசம்

ஓமலூர்ப் பக்கத்துக் குடியானவர்களில் மாமிச போஜனம் செய்வோர் மேச்சேரி ஆட்டை உயர்வாக மதிப்பர். பன்றி மாமிசத்தையோ வெறுங்கொழுப்பு என்றும், அசுத்தம் என்றும் தள்ளுவர். மத ஆசாரத்தால் அதனை விலக்குவோரைப் பற்றி இங்கே பேச்சில்லை. ஏனையோரின் எண்ணம் பாதியளவே சரியானது.

வயிற்றுத் தசையில் கொழுப்பு மிகுதி என்பது மெய்யே. ஆனால் முதுகுச் சதையின் மேற்கொழுப்பை அரிந்து நீக்கிவிட்டால், 100 கிராமில் சுமார் 21 கிராம் புரதமும் 5 கிராம் அளவே கொழுப்பும் நிற்கும். தயாமின் என்னும் பி1 வைட்டமினும் ஆட்டு மாமிசத்தில் உள்ளதைவிடப் பன்மடங்கு உண்டு. நன்கு தீட்டிய அரிசியில் குறைந்துபோவது இச்சத்தேயாகும்.

அசுத்தம் என்ற குறை பிராணியினுடையதன்று, வளர்ப்பினுடையது. மலம் தின்று திரியும் பன்றியின் தசையில் நாடாப்புழுவின் இளம்பருவம் தங்கும். அரைவேக்காட்டில் உண்பவர் குடலில் அது புழுவாக வளரும். அப்புழுவின் முட்டைகள் கழுவாத கையாலும் கெட்ட நீராலும் ஒருவர் வயிற்றை அடைந்தால், மூளையில் நீர்க்கட்டிகள் தோன்றி வலிப்பு உண்டாகலாம். பன்றி உண்ணாதவரையும் இத்துன்பம் விடாது.

ஆகவே வெண்பன்றியைக் கொட்டிலில் அடைத்தே வளர்த்தல் வேண்டும். குச்சிக்கிழங்கு அரைக்கும் ஜவ்வரிசி ஆலைகளின் திப்பி இவ்வட்டாரத்தில் எளிதிற் கிடைக்கும். அதில் புரதம் சொற்பமாதலால் கடலைப் பிண்ணாக்கு கலத்தல் அவசியம். கிராம அதிகாரிகள் தெருவில் பன்றி திரிவதைத் தடுத்து, வீடுதோறும் கழிப்பிடம் பயன்படச் செய்வாராக. மாமிசத்தையும் உட்புறம் வரை நன்கு வேகவைத்தே உண்ணல் வேண்டும். இவை கைகூடாத ஊரில் பன்றி மாமிசத்தைத் தள்ளுவது விவேகம். கைகூடிய ஊரில் தள்ளுவது நஷ்டமே.