ஒருநாள் கண்ணீரில் விடாமுயற்சி முளைக்குமா?



இந்தப் பதிவு சிலருக்குக் கசக்கலாம். ஆயினும், நெஞ்சில் பட்டதைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை.

சில மாதங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை. ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு மண்டபத்தில் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குத் தன்முனைப்புப் பட்டறை நடைபெற்றது. பேச்சாளர் விளக்குகளை அணைக்கச் சொன்னார். சோக இசை ஒலித்தது. “உன் தாய் உனக்காகப் படும் பாட்டை நினைத்துப் பார்” என்றார். பிள்ளைகள் விம்மி விம்மி அழுதார்கள். பெற்றோரைக் கட்டியணைத்து, “இனி விடாமுயற்சியோடு படிப்பேன்” என்று உறுதிமொழி எடுத்தார்கள். பார்த்துக் கொண்டிருந்த எனக்கும் கண் கலங்கியது உண்மைதான்.

திங்கட்கிழமை வந்தது. கணிதப் பாடத்தில் பின்னம் தொடர்பான ஒரு பிரச்சினைக் கணக்கைக் கொடுத்தேன். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. சனிக்கிழமை அழுத அதே பிள்ளைகள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, “ஐயா, தெரியவில்லை. விடையைச் சொல்லுங்கள்” என்றார்கள்!

அந்தக் கண்ணீர் பொய்யா? இல்லை. பிள்ளைகள் உண்மையாகவே அழுதார்கள். ஆனால், அழுகை ஓர் உணர்ச்சி. விடாமுயற்சி ஒரு பழக்கம். உணர்ச்சியை ஒரே நாளில் கிளப்பி விடலாம். பழக்கத்தை அப்படி உண்டாக்க முடியுமா?

திருவள்ளுவரின் அதிகார வரிசையைச் சற்றே நினைவுகூர்வோம். 60-ஆம் அதிகாரம் ஊக்கமுடைமை. 61 மடியின்மை. 62 ஆள்வினையுடைமை. 63 இடுக்கணழியாமை. ஊக்கத்தோடு அவர் நிறுத்திக் கொள்ளவில்லை. ஊக்கம் பிறந்தபின் சோம்பலை விலக்க வேண்டும்; சோம்பல் விலகியபின் இடைவிடாது உழைக்க வேண்டும்; உழைக்கும்போது துன்பம் வந்தால் கலங்காதிருக்க வேண்டும். நாமோ 60-ஆம் அதிகாரத்திற்கு மண்டபம் எடுக்கிறோம், பதாகை கட்டுகிறோம், கட்டணம் செலுத்துகிறோம். அடுத்த மூன்று அதிகாரங்களையும் யார் நடத்துவது?

யுபிஎஸ்ஆர் தேர்வு 2021-இல் அகற்றப்பட்டபோது இந்தப் பட்டறை மோகமும் தணிந்துவிடும் என்று எண்ணினேன். தணியவில்லை. ஏனெனில், பட்டறை நமக்கு வசதியாக இருக்கிறது. பணத்தைக் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்ற நிறைவு கிடைக்கிறது. “எவ்வளவோ செய்தோம், இந்தப் பிள்ளைகளுக்குத்தான் முயற்சியே இல்லை” என்று பழியையும் அவர்கள் தலையில் போட்டுவிடலாம்.

பிள்ளைகளைக் குறை சொல்லுமுன் நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்.

ஆசிரியர்களே, பாடத்திட்டத்தை முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் விடைகளை வெண்பலகையில் எழுதி, “பார்த்து எழுதுங்கள்” என்று நாம் சொல்வதில்லையா? நானும் சொல்லியிருக்கிறேன். பிழை திருத்தம் என்ற பெயரில் சரியான விடையை மூன்று முறை எழுத வைக்கிறோம். எந்த இடத்தில் பிழைத்தோம் என்று மாணவன் தேடிக் கண்டுபிடிக்க நேரம் தருகிறோமா? ஒருமுறை காத்திருந்தால் விடை தானாக வந்துவிடும் என்பதை அவன் நம்மிடமிருந்துதானே கற்றுக்கொண்டான்!

பெற்றோர்களே, பள்ளி வாசல்வரை பிள்ளையின் புத்தகப்பையைச் சுமந்து வருபவர் யார்? கைவினைப் பொருளை இரவு பதினொரு மணிக்கு ஒட்டி முடிப்பவர் யார்? அன்பினால்தான் செய்கிறீர்கள், மறுப்பதற்கில்லை. ஆனால், முடியாததை முடித்துப் பார்க்கும் வாய்ப்பை அந்த அன்பே பறித்துவிடுகிறதே!

இந்நாட்டில் நம்மவர் வரலாறு எதைக் காட்டுகிறது? 1950-களில் வெள்ளையர் நிறுவனங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. தோட்டங்கள் துண்டாடப்பட்டன. தொழிலாளர்கள் வேலையையும் வீட்டையும் ஒருங்கே இழந்தார்கள். அந்நிலையில் துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். அவர் தோட்டம் தோட்டமாகச் சென்று பேசினார், ஊக்கம் ஊட்டினார். எனினும், பேச்சோடு முடிந்திருந்தால் ஒரு மரமும் நமக்குச் சொந்தமாகியிருக்காது. பால்மரம் சீவியவர்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் செலுத்திய சேமிப்பே அடித்தளமாயிற்று. 1961-இல் கெடா மாநிலத்தின் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் முதல் தோட்டமாக வாங்கப்பட்டது.

1997 மே 23-ஆம் நாள் எவரெஸ்டு உச்சியில் மலேசியக் கொடியை நாட்டிய மு. மகேந்திரன், ந. மோகனதாஸ் இருவரையும் பட்டறைகளில் தவறாமல் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால், உச்சியைப் பற்றி மட்டுமே பேசுகிறார்கள். எவரெஸ்டில் யாரும் ஒரே மூச்சில் ஏறிவிடுவதில்லை. ஏறத்தாழ 5,300 மீட்டர் உயரத்தில் உள்ள அடிவார முகாமிலிருந்து மேல்முகாமுக்கு ஏறுவார்கள், பிறகு இறங்குவார்கள், மீண்டும் சற்றுக் கூடுதலாக ஏறுவார்கள். காற்று மெலிந்த உயரத்திற்கு உடலைப் பழக்க வாரக்கணக்கில் இப்படி ஏறி இறங்க வேண்டும். கீழே இறங்குவதும் பயணத்தின் ஒரு பகுதியே என்று எந்தப் பேச்சாளராவது நம் பிள்ளைகளுக்குச் சொன்னதுண்டா? குறைந்த புள்ளி வாங்கிய மாணவன் கேட்க வேண்டிய செய்தி அதுவல்லவா?

“அப்படியானால் ஊக்கமே வேண்டாமா?” என்று கேட்பீர்கள். வேண்டும். வீட்டில் ஒரு கனிவான சொல்லும் கேட்காத பிள்ளைக்கு அந்தச் சனிக்கிழமை ஒரு விளக்காக இருக்கலாம். ஆனால், விளக்கை ஏற்றியவர் அன்றைக்கே போய்விடுகிறார். எண்ணெய் ஊற்ற வேண்டியவர்கள் நாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பசியோடு வரும் பிள்ளையையும், படிக்க ஒரு மேசை இல்லாத பிள்ளையையும் பார்த்து, “உனக்கு விடாமுயற்சி இல்லை” என்பது கொடுமை. முதலில் பசியாற்றுவோம். பிறகு முயற்சியைப் பற்றிப் பேசுவோம்.

செய்யக்கூடியவை எளியவையே. வகுப்பில் ஒரு கணக்கிற்குப் பத்து நிமிடம் விடை சொல்லாமல் காத்திருப்போம். தவறான வழியில் முயன்றவனையும் பாராட்டுவோம். வீட்டில் நாளுக்கு இரண்டு பக்கம் வாசிக்கச் செய்வோம். விருந்தினர் வந்தாலும் விடாமல் செய்வோம். புத்தகப்பையை அவனே அடுக்கட்டும். காலணியை அவனே தேய்க்கட்டும். மறந்தால் மறுநாள் தானே திருத்திக்கொள்ளட்டும். அடுத்த பட்டறைக்குக் கட்டணம் திரட்டுமுன், அப்பணத்தில் வகுப்பு நூலகத்திற்கு எத்தனை புத்தகங்கள் வாங்கலாம் என்று பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

அன்று அந்தக் கணக்கிற்கு நான் விடை சொல்லவில்லை. மறுநாளும் அதையே கொடுத்தேன். மூன்றாம் நாள் பின்வரிசை மாணவி ஒருத்தி எழுந்து வந்து செய்து காட்டினாள். யாரும் அழவில்லை, இசையும் ஒலிக்கவில்லை. வகுப்பே கைதட்டியது.

சிந்திப்போம்; நாளையே தொடங்குவோம்.