துப்பாக்கியும் ஒரு கல்வெட்டே

"வரலாற்று ஆசிரியருக்குத் துப்பாக்கியோடு என்ன வேலை?" என்று சென்ற மாதம் ஆசிரியர் அறையில் நண்பர் ஒருவர் கேட்டார். என் மேசைமீது கிடந்த பழைய நோட்டுப் புத்தகமே அவர் கேள்விக்குக் காரணம். அதில் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த படி ஒன்று உண்டு. மேலே ஒரு முடி. அதன் கீழ் ஜி.ஆர். என்னும் எழுத்துகள், அதன் கீழ் என்ஃபீல்டு, அதற்கும் கீழே 1917. நண்பருக்கு அன்று சொன்ன விடை முழுமையானதன்று. ஆகவே இங்கு எழுதுகிறேன்.

1986ஆம் ஆண்டு இதே கல்லூரியில் நான் இரண்டாம் ஆண்டு வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். தேசிய மாணவர் படையிலும் இருந்தேன். ஞாயிறு காலை அணிவகுப்பு முடிந்ததும் கிடைக்கும் பூரியைவிட எனக்குப் பிடித்தது 'கோத்' எனப்படும் ஆயுத அறைதான். அங்கே பன்னிரண்டு பழைய .22 துப்பாக்கிகள் சங்கிலியில் கோத்து நின்றன. பார்ப்பதற்கு அப்படியே த்ரீ நாட் த்ரீ. கனமும் ஏறக்குறைய அதுவே, நான்கு கிலோ. ஆனால் சுடும் குண்டோ சுண்டுவிரல் நகத்தளவு. இந்த முரண்பாடு ஏன் என்று அன்று நான் கேட்கவில்லை.

விடை தென்னாப்பிரிக்காவில் இருக்கிறது. 1899 முதல் 1902 வரை நடந்த போயர் போரில், உழவர்களாக இருந்த போயர்களின் குறி தவறாத சுடுதிறனைக் கண்டு பிரிட்டிஷார் திகைத்துப் போயினர். தம் நாட்டு இளைஞர்க்கும் சுடக் கற்பிக்க வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. தளபதி ராபர்ட்ஸ் பிரபு அதற்காக ஊர்தோறும் முழங்கினார். ஆனால் த்ரீ நாட் த்ரீ சுட நெடுந்தொலைவுத் திடல் வேண்டும். தோட்டாவுக்குக் காசும் வேண்டும். .22 தோட்டாவுக்கோ இருபத்தைந்து கெஜம் போதும். அதன் குண்டு நாற்பது கிரெய்ன், அதாவது இரண்டரை கிராமுக்குச் சற்று மேல். த்ரீ நாட் த்ரீயின் குண்டு 174 கிரெய்ன். இன்னொரு வேறுபாடும் உண்டு. பெரிய தோட்டாவின் அடியில் நடுவே ஒரு கேப் இருக்கும். ஊசி அதைத் தட்டினால் வெடிக்கும். .22 தோட்டாவில் தனிக் கேப் கிடையாது. தீப்பற்றும் மருந்து அடிவிளிம்பின் மடிப்புக்குள்ளேயே இருக்கும். ஆகவே ஊசி நடுவில் தட்டாமல் விளிம்பில் தட்டுமாறு போல்ட்டின் தலையை மாற்றினார்கள். உடலும் கனமும் பிடியும் மாறவில்லை. சிப்பாய் நாளை எதை ஏந்தப் போகிறானோ அதன் உருவிலேயே இன்று பழகட்டும் என்பது கருத்து. தோட்டாக் கூட்டின் உள்ளே இருந்த ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, சுட்ட வெற்றுக் கூடுகள் விழும் பெட்டியாக அதைப் பயன்படுத்தினார்கள். சிக்கனத்தில் வெள்ளைக்காரனும் நம் வீட்டுப் பாட்டியும் ஒன்றுதான்.

இப்போது என் பிழைக்கு வருகிறேன். 1917 என்ற எண்ணைக் கண்டதும் நான் துள்ளினேன். வரலாற்றுப் பேரவைக் கூட்டத்தில் எழுந்து, "நம் கல்லூரியில் உள்ள .22 துப்பாக்கி முதல் உலகப் போர்க் காலத்திலேயே பயிற்சிக்காகச் செய்யப்பட்டது" என்று முழங்கினேன். கைதட்டலும் கிடைத்தது. எங்கள் பேராசிரியர் கல்வெட்டு அறிந்தவர். துப்பாக்கியைத் தொட்டவர் அல்லர். கூட்டம் முடிந்தபின் அருகில் அழைத்து, "தம்பி, கல்வெட்டின் முதல் வரியைப் படித்தாய், நன்று. கடைசி வரி வரை படித்தாயா?" என்று மட்டும் கேட்டார்.

மறு ஞாயிறு உஸ்தாத்திடம் கெஞ்சி, அந்தத் துப்பாக்கியை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். அடிக்கட்டையின் கழுத்தில் உள்ள இரும்புப் பட்டையில், 1917க்குக் கீழே பழைய பெயர் கோடிட்டு அடிக்கப்பட்டிருந்தது. அதன் அடியில், வேறு எழுத்தச்சில், 'நம்பர் 2 மார்க் 4' என்றும் ஒரு நட்சத்திரமும் இருந்தன. அதன் பொருள் எனக்குப் புரியப் பல ஆண்டுகள் ஆயின. பிரிட்டிஷ் படை தன் துப்பாக்கிகளுக்கு எண்வரிசைப் பெயர் சூட்டியது 1926இல். அப்போதுதான் பழைய த்ரீ நாட் த்ரீ 'நம்பர் 1' ஆயிற்று, அதிலிருந்து மாற்றிய.22 'நம்பர் 2' ஆயிற்று. ஆகவே என் 1917 துப்பாக்கி பிறந்தது போர்த் துப்பாக்கியாக. 'நம்பர் 2' என்ற பெயர் பொறிக்கப்பட்டது குறைந்தது ஒன்பது ஆண்டுக்குப் பின். நட்சத்திரமோ, பழைய குழலைக் குடைந்து அதற்குள் .22 குழாய் ஒன்றைச் செருகியதைக் குறிக்கும். ஒரே பட்டையில் இரண்டு வாழ்க்கை! பேரவையில் நான் சொன்னதைத் திருத்திச் சொல்ல எனக்கு இன்றுவரை வாய்ப்புக் கிடைக்கவில்லை; இக்கட்டுரையையே அத்திருத்தமாகக் கொள்க.

இங்கிலாந்தில் இத்துப்பாக்கிகளைச் சேகரிப்போர் பலர். அவர்கள் தேடுவது பெரும்பாலும் இந்த எழுத்துகளையே. வி.ஆர். என்றால் விக்டோரியா, இ.ஆர். என்றால் எட்வர்டு. கூர்முனை அம்பு அரசுச் சொத்து என்பதைக் காட்டும். இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டி நின்றால் அரசு அதை விற்றுவிட்டது என்று பொருள். டி.பி. என்றால் அணிவகுப்புக்கு மட்டும், சுடலாகாது. போருக்குப் பின் வந்த நம்பர் 7, 8, 9 ஆகியவற்றுக்கும் ஆர்வலர் உண்டு. நம்பர் 7 விமானப்படைக்கு, நம்பர் 9 கடற்படைக்கு. அவற்றை நான் படத்தில் மட்டுமே கண்டிருக்கிறேன். இந்தச் சேகரிப்பாளர்களிடம் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: துருவைக் கண்டாலும் தேய்க்காதே. மெருகேற்றிய துப்பாக்கியை அவர்கள் ஏறிட்டும் பார்ப்பதில்லை.

இங்கேதான் என் நெஞ்சு உறுத்துகிறது. 1987 தொடக்கத்தில் ஆண்டு ஆய்வு வந்தது. அதற்கு முன்தினம் துப்பாக்கிகள் பளபளக்க வேண்டும் என்று சொன்னார்கள். உப்புத்தாள் எடுத்து மூன்று துப்பாக்கிகளின் பட்டைகளை வெள்ளி போல் தேய்த்தவன் நானே. துருவோடு என்னென்ன எழுத்துகள் போயின என்று எனக்குத் தெரியாது. பாராட்டும் பெற்றேன். பின்னாளில் ஆசிரியனாக இங்கு திரும்பி வந்தபோது கோத்தில் இலகுவான டீலக்ஸ் துப்பாக்கிகளே இருந்தன. பழையவை எங்கோ ஒப்படைக்கப்பட்டுவிட்டன. பன்னிரண்டில் ஒன்றுக்கு மட்டுமே என் நோட்டில் படி இருக்கிறது.

"வெள்ளையன் போட்ட முடியை நாம் ஏன் காக்க வேண்டும்?" என்று ஒரு மாணவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்தியரை உரிமமின்றி ஆயுதம் ஏந்தலாகாது என்றது. ஐரோப்பியருக்கு விலக்கு அளித்தது. அந்த முடி நமக்குச் சொல்வது அந்த அவமானத்தைத்தான். ஆனால் வங்காளத்து இஷாப்பூர்த் தொழிற்சாலையில் செய்த துப்பாக்கிகளைப் பாருங்கள். விடுதலைக்கு முன் முடியும் ஜி.ஆர்.ஐ.யும், பின்னர் முடி மறைந்து ஆர்.எஃப்.ஐ. ஆட்சி கைமாறியதை அதே தொழிற்சாலையின் இரும்பிலேயே படிக்கலாம். உப்புத்தாளால் தேய்த்தால் அவமானமும் போகும், விடுதலையும் போகும்.

நம் நாட்டில் இவற்றைச் சேகரிக்க முடியுமா? 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப்பின் ஒருவர் உரிமத்தோடு வைத்திருக்கக் கூடியவை பொதுவாக இரண்டே. அது சரியான சட்டம் என்பதே என் எண்ணம். வீடுதோறும் துப்பாக்கி வேண்டும் என்று நான் வாதாடவில்லை. ஆனால் கோயிலைப் பெயர்த்து வீட்டுக்குக் கொண்டு வந்தா கல்வெட்டைப் படிக்கிறோம்? மை தடவித் தாளில் ஒற்றி எடுக்கிறோம். கல் அங்கேயே நிற்கிறது. நாம் சேகரிக்க வேண்டியது எழுத்தை. ஆயுதம் காவலில் இருக்கட்டும். பாதுகாப்புக் கருதி வரிசை எண்ணை விட்டுவிடலாம். முடியும் ஆலையும் ஆண்டும் பெயரும் போதும். பழைய துப்பாக்கி ஒன்று கழிக்கப்படும் முன், அதிகாரியின் அனுமதியோடு, அவர் கண்ணெதிரே, அரை மணி நேரம் வேண்டும். இதற்குச் செலவு ஒரு தாளும் ஒரு பென்சிலும்.

நம் மாணவர் படை அலுவலரிடம் இதைச் சொன்னேன். மூன்றாம் ஆண்டு வரலாற்று மாணவியர் இருவரை அனுமதித்திருக்கிறார். டீலக்ஸ்தானே, அதில் என்ன இருக்கப்போகிறது என்று அவர்கள் கேட்டார்கள். அடுத்த ஞாயிறு போய்ப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். கோத்தில் உப்புத்தாள் இருந்தால் எடுத்து வந்துவிடும்படியும் சொல்லியிருக்கிறேன்.