தக்காளிக்குச் சோதனை, தொழிலாளிக்கு?

தேக்கா மார்க்கெட்டில் பளபளன்னு குவிந்து கிடக்கும் தக்காளியில் கேமரன் மலைச் சரக்கும் உண்டு. வெளியிலிருந்து வரும் காய்கறியில் நஞ்சு மிச்சமிருக்கிறதா என்று சிங்கப்பூர் உணவு அமைப்பு மாதிரி எடுத்துச் சோதிக்கிறது. நல்ல காரியம். மருந்து அடித்த தொழிலாளியின் நெஞ்சை யார் சோதிப்பது? இதுதான் நம் கேள்வி.

நட்ட நாற்றைப் புள்ளி வண்டு சுரண்டினால் போதும், "அடி மருந்தை" என்கிறார்கள். இலைக்கடியில் மஞ்சள் முட்டைகள் கூட்டமாக இருக்கும், நசுக்குங்கள். வண்டைப் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல் தெளியுங்கள். அடங்காவிட்டால்தான் மருந்து. அதுவும் கையுறை, முகமூடி இல்லாமல் கூடாது.

சட்டம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், தோழர்களே! களைக்கொல்லி பாராகுவாட்டை மலேசிய அரசு 2002இல் தடுத்தது. 2006இல் தடையைத் தளர்த்தியது. முழுத்தடை 2020 ஜனவரி 1இல்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் அதை முதுகில் சுமந்து அடித்தவர்களில் நம் தோட்டத்துத் தாய்மார் எத்தனை பேர்!

மருந்து வாங்கக் காசுள்ள முதலாளிக்குக் கையுறை வாங்கவா காசில்லை? கூச்சப்படாமல் கேளுங்கள். ஒருவராக அல்ல, எல்லோரும் சேர்ந்து கேளுங்கள்!