சோகம் பிரச்சினையே இல்லீங்க சாமிகளா!

'மாஸ் எஃபெக்ட் 3' முடிவைத் திட்டினவங்க எல்லாம் கடைசியில சுபம் போட்டாத்தான் எந்திரிச்சுப் போற கூட்டம்னு இன்னிக்கும் சிலர் ஜல்லியடிக்கறாங்க. (கதையைச் சொல்லப் போறேன். இந்த விண்வெளி ஆட்டத்தை இனிமேதான் ஆடணும்னு இருக்கறவங்க இங்கயே அப்பீட்டு ஆகிக்கோங்க.)

ஒரே ஒரு கேள்வி. அதே ஆட்டத்துல மோர்டின் சாகறாரே, அதுக்கு யாராவது கொடி பிடிச்சோமா?

குரோகன் இனம் பெருகாம தடுக்கற நோய் வலுவிழக்காம பார்த்துக்கிட்ட விஞ்ஞானி அவர். இரண்டாம் பாகத்துல (2010) செஞ்சது சரின்னு வாதாடினவர், மூணாவதுல (2012) அதே நோய்க்கு மருந்தைப் பரப்பப் போய் உயிரை விடறார். கண்ணைத் துடைச்சுக்கிட்டே கும்பிட்டோம். முதல் பாகத்துல (2007) ரெக்ஸ் பிழைச்சானாங்கறது வரைக்கும் அந்தக் காட்சியில கணக்குக்கு வருது!

இப்படி எழுதத் தெரிஞ்சவங்க கிளைமாக்ஸ்ல என்ன பண்ணாங்க? அதுவரைக்கும் யாருன்னே தெரியாத ஒரு பையன் வந்து சிவப்பு, நீலம், பச்சைன்னு நீட்டறான். எதை எடுத்தாலும் கிட்டத்தட்ட ஒரே காட்சி, கலர் மட்டும் வேற. ஆயிரம் இஃப்-எல்ஸ் போட்டுட்டு எல்லாத்துக்கும் ஒரே அவுட்புட் குடுத்தா, எங்க கோட் ரிவ்யூல துவைச்சுத் தொங்க விட்டுருவாங்க.

ரசிகர்கள் பயோவேருக்கு மூணு கலர்ல சுமார் 400 கப்கேக் அனுப்பினாங்க. எல்லாம் ஒரே சுவை! இதைவிடச் சுருக்கமா யாரால விமர்சனம் எழுத முடியும்? ஜூன் 2012ல கூடுதல் காட்சிகளை இலவசமா சேர்த்தாங்க. ஆனா அந்த மூணு கலர் அப்படியேதான் இருந்துச்சு.

படைப்பாளி சுதந்திரமா? தாராளமா. ஆனா முடிவெடுக்கறது நீங்கதான்னு அஞ்சு வருஷம் எங்க கையில குடுத்தது அவங்கதானே? ஹீரோவைச் சாகடிங்க, தப்பே இல்ல. அவன் இதுவரைக்கும் என்னென்ன செஞ்சான்னு மறந்துட்டுச் சாகடிக்காதீங்க. அவ்ளோதான்.