இருபதாம் தேதிக்கு மேல காசு எங்க போகுது?

எனக்கும் கணக்குக்கும் எப்பவுமே ஏழாம் பொருத்தம். அப்படிப்பட்டவன் இன்னைக்கு கணக்கு எழுதுறதைப் பத்தி உபதேசம் பண்ண வந்திருக்கேன். எல்லாம் நேரம்தான் :-)

பூனாவுக்கு வந்து பதினோரு வருஷம் ஆச்சு. வாகாட்ல வாடகை வீடு, ஹிஞ்சவாடியில பொட்டி தட்டுற வேலை, ஒரு பையன். தங்கமணியும் வேலைக்குப் போறாங்க. வெளியிலிருந்து பார்த்தா ஒரு குறையும் இல்ல. ஆனா போன வருஷம் வரைக்கும் இருபதாம் தேதி ஆச்சுன்னா ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்குவோம். "எங்கங்க போச்சு?" "எனக்கென்னம்மா தெரியும்?" அவ்ளோதான் பேச்சு.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். எங்கப்பா திருநெல்வேலியில கூட்டுறவு சங்கத்துல வேலை பார்த்தவர். வருஷா வருஷம் யாராவது ஓசியில ஒரு டயரி குடுப்பாங்க. ராத்திரி சாப்பிட்டுட்டு அதுல எழுதுவார். கத்திரிக்கா கால் கிலோ, சலூன், பஸ்ஸுக்கு இவ்வளவு. அம்மா பால் கணக்கை சமையக்கட்டு காலண்டர்ல குறிப்பாங்க. கஞ்சத்தனம்னு நாங்க சிரிப்போம். இப்ப யோசிச்சா, காசு கையை விட்டுப் போறது அவருக்குத் தெரிஞ்சுது. நமக்குத் தெரியல.

முன்னாடி ஏ.டி.எம்.ல ரெண்டாயிரம் எடுத்தா பர்ஸ் இளைக்கிறது கண்ணுல படும். 2016ல யூ.பி.ஐ. வந்த பிறகு வடாபாவ் வாங்கினாலும் ஸ்கேன், வாடகை குடுத்தாலும் ஸ்கேன். ரெண்டுக்கும் ஒரே 'டிங்' சத்தம். "எல்லாம்தான் ஸ்டேட்மெண்ட்ல இருக்கே, எதுக்கு எழுதணும்?"னு நானும் கேட்டவன்தான். ஸ்டேட்மெண்ட்ல இருக்கிறது யாருக்குப் போச்சுங்கறது. எதுக்குப் போச்சுங்கறது நம்ம மண்டையிலதான் இருக்கு, அதுவும் ரெண்டு நாளைக்கு.

ஆப் போட்டுப் பார்த்தேன். எஸ்.எம்.எஸ்.ஸைப் படிச்சு தானே கணக்கு போடுமாம். கார்டுல வாங்கின சாமானை ஒரு தடவை, அந்த கார்டு பில்லைக் கட்டினதை இன்னொரு தடவைன்னு கூட்டி எங்களை திவாலாக்கிடுச்சு. அப்புறம் எக்செல். ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க உக்காந்து 27 தலைப்பு, கலர் கலரா சார்ட். ரெண்டாவது வாரமே பரலோகம் போயிடுச்சு.

கடைசியில உருப்படியா நின்னது பையனோட பழைய நோட்டு. நாலே தலைப்பு: கட்டாயம், சாப்பாடு, ஊருக்கு, மத்தது. ராத்திரி பத்து நிமிஷம், ரெண்டு பேரும் எழுதணும். அவ்ளோதான் சட்டம்.

முதல் மாசம் தெரிஞ்சது: ஆர்டர் பண்ணிச் சாப்பிட்டது மட்டும் 9,140 ரூபாய். யாருமே பார்க்காத மூணு சந்தாவுக்கு ஆட்டோபே ஓடிக்கிட்டு இருந்துச்சு. இதெல்லாம் சிரிச்சுக்கிட்டே வெட்டிட்டோம். சிக்கல் 'ஊருக்கு'ங்கிற தலைப்புலதான்.

எங்கக்கா பொண்ணு காலேஜுக்கு மாசம் 5,000 அனுப்பிக்கிட்டு இருந்தேன். ஒண்ணரை வருஷமா. தங்கமணிக்குத் தெரியாது. அன்னைக்கு பேனாவைக் கையில வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். எழுதிட்டேன். ரெண்டு நாள் வீட்டுல பேச்சுவார்த்தை இல்ல. மூணாவது நாள் நோட்டைத் திறந்தா, அதே தலைப்புக்குக் கீழ அவங்க கையெழுத்துல ஒரு வரி. "அப்பா மருந்து 3,500. ரெண்டு வருஷமா."

கோபப்பட எனக்கு என்ன யோக்யதை இருக்கு?

ரெண்டையும் கூட்டினா மாசம் 8,500. வருஷத்துக்கு ஒரு லட்சத்து ரெண்டாயிரம். இது தப்பான செலவே இல்ல. கேட்டிருந்தா ரெண்டு பேருமே சரின்னுதான் சொல்லியிருப்போம். ஆனா ஒளிச்சு வெச்சதால, துண்டு விழுந்ததை கிரெடிட் கார்டுல தள்ளி, மினிமம் ட்யூ மட்டும் கட்டிக்கிட்டு வந்தோம். மாசம் மூணரை சதவீதம்னு பார்க்கச் சின்னதாத்தான் இருக்கும். வருஷக் கணக்குல நாப்பதைத் தாண்டும். பாசத்துக்கு வட்டி கட்டின குடும்பம் எங்களுது.

இப்ப ஒண்ணாந்தேதி முதல் வேலையா அந்த 8,500 போயிடும். கார்டு பாக்கி பத்து மாசத்துல முடிஞ்சுது. அதனால நான் சொல்றது இதான்: கணக்கு எழுதுறது செலவைக் குறைக்கறதுக்குன்னு நினைக்காதீங்க. அது அப்புறம் தானா நடக்கும். ஒரே வீட்டுல இருக்கிற ரெண்டு பேர் ஒருத்தருக்கொருத்தர் பொய் சொல்லாம இருக்கறதுக்குத்தான் கணக்கு.

இன்னொண்ணு. நோட்டோட கடைசிப் பக்கத்துல எந்தெந்த பேங்க், பாலிசி, பி.எஃப்., நாமினி யாருன்னு எழுதி வெச்சிடுங்க. பத்து வருஷம் யாரும் தொடாத டெபாசிட் ரிசர்வ் வங்கி நிதிக்குப் போயிடும். வாரிசுங்க கேட்டு வாங்கலாம்தான். தேடறதுக்குன்னே 2023ல 'உத்கம்'னு ஒரு தளமும் திறந்தாங்க. ஆனா அந்தக் கணக்கு இருக்குன்னே தெரியாதவங்க எதைத் தேடுவாங்க?

எங்கப்பா 2019ல தவறினார். அந்த வருஷ டயரியோட கடைசிப் பக்கத்துல எல்லா நம்பரும் வரிசையா இருந்துச்சு. எட்டாங்கிளாஸ் படிச்ச அம்மா, அதைக் கையில வெச்சுக்கிட்டு பேங்குக்கும் தபாலாபீஸுக்கும் நடந்து, யார்கிட்டயும் கெஞ்சாம எல்லாத்தையும் முடிச்சாங்க. கஞ்சத்தனம்னு சிரிச்ச நான் பக்கத்துல பையைத் தூக்கிக்கிட்டு நின்னேன்.

டிஸ்கி: நேத்து கணக்குல 'மத்தது - 240'ன்னு தங்கமணி எழுதியிருக்காங்க. என்னன்னு கேக்கல. எல்லாத்தையும் கேக்கக் கூடாது மக்களே :-)