சேமித்ததை அழிக்காதீர்கள்: தீவக இணையத்தளங்களுக்கான கோரிக்கைச் சாசனம்

ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு ஆகிய யாழ்ப்பாணத் தீவக ஊர்களின் இணையத்தளங்களைப் பிரதியெடுத்துப் பேணுவோராகிய நாங்கள், தளங்களைத் தரவிறக்கும் மென்பொருள்களை ஆக்குவோரிடம் இச்சாசனத்தை வைக்கிறோம். எங்கள் சனத்துக்கும் இதில் ஒரு கோரிக்கை உண்டு.

யுத்தத்தில் தீவகத்தை விட்டுப் போனவர்கள் ரொறன்ரோவிலும் பாரிசிலும் சூரிச்சிலும் இருந்துகொண்டு ஊருக்கென்று தளம் நடத்தினார்கள். கொடியேற்றப் படங்கள், பழைய மாணவர் சங்க அறிக்கைகள், மரண அறிவித்தல்கள், 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் வெட்டிக் கொல்லப்பட்டவர்களுக்கான அஞ்சலிகள் எல்லாம் அங்கேதான் சேர்ந்தன. பெரும்பாலும் ஒரே ஒருவர் தன் கைக்காசில் ஆண்டுக் கட்டணம் கட்டுவார். அவர் படுத்துவிட்டால் தளமும் போய்விடும். 2009 ஒக்ரோபரில் யாகூ நிறுவனம் தனிநபர் தளங்களுக்கு இடமளித்த ஜியோசிற்றீசை மூடியதையும் உலகம் பார்த்தது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதைக் கண்ட எங்களுக்கு இரண்டாவது பிரதியின் அருமையை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆகவே எச்டிட்ராக், டபிள்யூகெட் போன்ற இலவச மென்பொருள்களால் பிரதியெடுக்கிறோம். அவற்றை ஆக்கியோருக்கு நன்றியுடையோம். ஆனால் அமைப்புகள் எதையும் தொடாமல் ஓடவிட்டால் அவை தாமாக எடுக்கும் முடிவுகள் எங்கள் நோக்கத்துக்கு எதிராக இருக்கின்றன.

முதலாவதும் தலையாயதுமான கோரிக்கை: தளத்தில் இல்லாமற்போன கோப்பை எங்கள் வன்தட்டிலிருந்து அழிக்காதீர்கள். எச்டிட்ராக்கில் பழைய பிரதியைப் புதுப்பிக்கச் சொன்னால், தளத்தில் இப்போது இருப்பவற்றோடு ஒப்பிட்டு, அங்கே காணாதவற்றை அது நம்மிடமிருந்தும் நீக்கிவிடும். இதுவே அதன் இயல்புநிலை. ‘பழைய கோப்புகளை நீக்காதே’ என்ற பெட்டி அமைப்புகளுக்குள்ளே வெறுமையாகக் கிடக்கிறது. தேடிப்போய்ச் சரி போடுபவருக்கே பயன். தளம் ஒன்றுமே அனுப்பாவிட்டால் பழைய பிரதியை மீட்டுவைக்கும் ஏற்பாடு அதில் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் டொமைன் காலாவதியாகி ‘இப்பெயர் விற்பனைக்கு’ என்ற பக்கம் வந்து உட்கார்ந்திருந்தால் அந்த ஏற்பாடு கைகொடுக்காது. பக்கம் ஒன்று வந்துவிட்டதல்லவா! தளம் செத்த பிறகுதான் பிரதிக்கு மதிப்பு. அந்த நேரத்திலேயே பிரதியும் அழிவதை எங்களால் ஏற்க முடியாது. நீக்க விரும்புபவர் கேட்டு நீக்கட்டும். கேளாதவரின் கோப்பு இருந்தபடியே இருக்க வேண்டும்.

இரண்டாவது, பழையதன் மேல் புதியதை எழுதாதீர்கள். டபிள்யூகெட் ஒரு தளத்தை முழுமையாக இரண்டாம் முறை இறக்கும்போது, வேறு கட்டளை இல்லையென்றால் முதற்பிரதியின் மேலேயே எழுதுகிறது. ஒவ்வொரு பிரதியும் எடுத்த திகதியோடு தனித்தனியே நிற்க வேண்டும். இதற்கென்றே வார்க் என்ற கோப்பு வடிவம் இருக்கிறது. 2009 முதல் அது சர்வதேசத் தரம். டபிள்யூகெட்டுக்கு அவ்வடிவில் சேமிக்கவும் தெரியும், ஆனால் கேட்டால்தான் செய்கிறது.

மூன்றாவது, எங்கள் ஊர்ப்பெயரைச் சிதைக்காதீர்கள். யுனிகோட்டின் யூரிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டுகள். கோப்புப் பெயர்களில் வரும் 128 முதல் 159 வரையான பைட்டுகளை டபிள்யூகெட் கட்டுப்பாட்டுக் குறிகளாக எண்ணி, விழுக்காட்டுக் குறி போட்டு மாற்றுகிறது. நெடுந்தீவு என்று எழுதினால் ந, த, வ தப்பும். டகரமும் கொம்பும் உகரக் குறியும் புள்ளியும் உடையும். அதன் கையேடே இச்சிக்கலைச் சொல்லி, தவிர்க்கும் வழியையும் தருகிறது. அந்த வழி இயல்புநிலையாகட்டும். பெயர் முழுவதும் விழுக்காட்டுக் குறியாக மாறினாலோ நெடுந்தீவு என்ற ஒரு சொல்லுக்கே 90 எழுத்துகள் செல்லும். விண்டோசின் வழமையான 260 எழுத்து எல்லையை அப்படி மூன்று சொற்கள் சேர்ந்தாலே தாண்டிவிடும்.

நான்காவது, பக்கத்தோடு எழுத்துருவையும் எடுங்கள். பழைய தளங்கள் பல பாமினி என்ற எழுத்துருவில் எழுதப்பட்டவை. எழுத்துரு இல்லையேல் அஞ்சலியும் அறிவித்தலும் வெறும் ஆங்கில எழுத்துக் கோவையாகவே தெரியும். எழுத்துருவோ படமோ வேறொரு சேர்வரில் இருந்தால், சொல்லாதவரை இம்மென்பொருள்கள் அங்கே போவதில்லை. ஒரு பக்கத்தைக் காட்டத் தேவையானது எங்கிருந்தாலும் அதைச் சேர்த்தே இறக்க வேண்டும்.

இனி எங்கள் சனத்துக்கு. ஊர்ச் சங்கங்களே, தளம் நடத்துபவரிடம் அவர் நலமாயிருக்கும்போதே மூலக் கோப்புகளையும் அனுமதியையும் கேட்டு வாங்குங்கள். ஒரு பிரதியை ஊர்ப் பாடசாலையிலும், ஒன்றைச் சனசமூக நிலையத்திலும் வையுங்கள். 2005 முதல் ஈழத்து ஆவணங்களை எண்ணிமப்படுத்தி வரும் நூலகம் நிறுவனத்துடனும் பேசுங்கள்.

மென்பொருள் மாறும்வரை காத்திருக்க எங்களுக்கு நேரமில்லை. ஊர்த் தளமொன்றின் பிரதியை வைத்திருப்பவர் எவராயினும், அடுத்த முறை அதைப் புதுப்பிக்கும் முன் பழைய பிரதியை வேறொரு வன்தட்டில் எடுத்து வையுங்கள். ‘நீக்காதே’ என்ற பெட்டியில் சரி போடுங்கள்.