ரமளானில் நிரம்பும் பைத்துல்மால், ஜூலையில் வரும் கல்லூரிக் கட்டணம்

பிளஸ் டூ தேர்வு முடிவு 2025-ல் மே 8, வியாழக்கிழமை வந்தது. மறுநாளே ஜும்ஆ. அன்றிலிருந்து நம் பள்ளிவாசல்களில் வாராவாரம் ஒரு காட்சியைப் பார்க்க முடிகிறது. தொழுகை முடிந்து எல்லோரும் கலைந்த பிறகும் ஜமாஅத் அலுவலக வாசலில் நாலைந்து பேர் நிற்பார்கள். கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். அதற்குள் மதிப்பெண் பட்டியல் நகல், ஆதார் நகல், கல்லூரியில் எழுதிக் கொடுத்த கட்டண விவரம். பிள்ளையை உடன் அழைத்து வந்திருக்க மாட்டார்கள். பிள்ளைக்கு வெட்கமாக இருக்கும் என்று தனியாகத்தான் வருவார்கள்.

உள்ளே கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான். "இப்போ இருப்பு இல்லை பாய். ரமளானில் வந்ததை அப்பவே பிரிச்சுக் கொடுத்தாச்சு."

சொல்பவர் பொய் சொல்லவில்லை. நம் சமுதாயத்தின் ஸகாத்தும் ஸதகாவும் பெருமளவு ரமளான் மாதத்தில்தான் வெளியே வருகின்றன. 2025-ல் ரமளான் மார்ச் மாதத்தில் முடிந்துவிட்டது. அப்போது பிள்ளைகள் தேர்வு எழுதிக்கொண்டிருந்தார்கள். எந்தக் கல்லூரி, எவ்வளவு கட்டணம் என்று யாருக்கும் தெரியாது. கட்டணம் கேட்கும் ஜூன், ஜூலையில் பைத்துல்மால் காலி.

2016-ஐ நினைத்துப் பார்ப்போம். அந்த ஆண்டு ரமளான் ஜூன் முதல் வாரத்தில் தொடங்கி ஜூலை முதல் வாரத்தில் முடிந்தது. கல்லூரிச் சேர்க்கையும் ஸகாத்தும் ஒரே நேரத்தில் வந்தன. கேட்டவருக்குக் கொடுக்கக் கையில் பணம் இருந்தது. அதன் பிறகு ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் வீதம் ரமளான் முன்னால் நகர்ந்துகொண்டே இருக்கிறது. அடுத்த ரமளான் பிப்ரவரியிலேயே வந்துவிடும். இன்னும் சில ஆண்டுகளில் அது டிசம்பரைத் தொடும். கல்லூரிக் காலண்டர் நகராது. ஆக, பணம் வரும் மாதத்துக்கும் பணம் தேவைப்படும் மாதத்துக்கும் இடையிலான தூரம் கூடிக்கொண்டேதான் போகும். கல்விக் கட்டணம் உயர்ந்துவிட்டது என்று எல்லோரும் பேசுகிறோம். இந்த இடைவெளியைப் பற்றி யாரும் பேசுவதாகத் தெரியவில்லை.

கட்டணத்தையும் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளில் கலந்தாய்வு வழியே சேரும் மாணவருக்குத் தமிழக அரசின் கட்டணக் குழு 2017-ல் ஆண்டுக்கு 50 ஆயிரம் ரூபாய் என்றும், தர அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுக்கு 55 ஆயிரம் என்றும் நிர்ணயித்தது. நிர்வாக ஒதுக்கீட்டுக்கு 85 ஆயிரம், 87 ஆயிரம். இது பாடக் கட்டணம் மட்டும். பேருந்து, தேர்வு, புத்தகம், சீருடை, வேலைவாய்ப்புப் பயிற்சி என்று வரும் ரசீதுகள் தனி. ஒரு கணக்குக்கு, பேருந்துக்கு 30 ஆயிரம், மற்றவற்றுக்கு 20 ஆயிரம் என்று வைத்தால் வீட்டிலிருந்து போய்வரும் பிள்ளைக்கே ஆண்டுக்கு ஒரு லட்சத்து ஐயாயிரம். மாதம் 18 ஆயிரம் சம்பளத்தில் ஜவுளிக்கடையில் நிற்கும் தந்தைக்கு ஆண்டு வருமானம் இரண்டு லட்சத்துப் பதினாறாயிரம். பாதி வருமானம் ஒரே பிள்ளைக்குப் போய்விடும். வீட்டில் இன்னும் இரண்டு பேர் படிப்பார்கள். வாடகை உண்டு, வாப்பாவுக்கு மருந்து உண்டு.

கலைக் கல்லூரிதானே, செலவு குறைவு என்று சொல்வதும் இப்போது அவ்வளவு சரியில்லை. 1919-ல் வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி, 1951-ல் சென்னை புதுக்கல்லூரியும் திருச்சி ஜமால் முகமது கல்லூரியும், 1955-ல் அதிராம்பட்டினம் காதிர் முகைதீன் கல்லூரி என்று நம் முன்னோர் தங்கள் வியாபாரப் பணத்தைக் கொட்டிக் கட்டிய கல்லூரிகள் தமிழகம் எங்கும் இருக்கின்றன. அரசு உதவி பெறும் பிரிவில் இடம் கிடைத்தால் ஏழைப் பிள்ளையும் தாராளமாகப் படிக்கலாம். ஆனால் பிள்ளைகள் இன்று கேட்கும் கணினி, வணிகப் படிப்புகளில் பெரும்பாலான இடங்கள் எந்தக் கல்லூரியிலும் சுயநிதிப் பிரிவில்தான் இருக்கின்றன. ஒரே வளாகம்தான், கட்டணம் மட்டும் பல மடங்கு.

இந்தச் சுமையை நம் குடும்பங்கள் எப்படித் தாங்குகின்றன? முதலில் போவது நகை. உம்மாவின் வளையல் முதல் பருவத்துக்கு, கழுத்துச் சங்கிலி இரண்டாம் பருவத்துக்கு. அடுத்தது சஃபர். வளைகுடாவில் இருக்கும் அண்ணன் ஊருக்கு வருவதை இரண்டு ஆண்டு தள்ளிப்போடுகிறான். அதுவும் போதாதபோது ஒரு பிள்ளையின் படிப்பு நிற்கிறது. நம் ஊர்களில் இதில் ஒரு வேறுபாட்டைப் பார்க்கிறோம். மதிப்பெண் குறைந்த பையன் படிப்பை விட்டுவிட்டு விசாவுக்குக் காத்திருக்கிறான். மதிப்பெண் நிறைய வாங்கிய பெண் பிள்ளைக்கு அவள் கேட்ட படிப்பு கிடைப்பதில்லை, பேருந்துச் செலவு இல்லாத பக்கத்துக் கல்லூரிதான் கிடைக்கிறது. நிக்காஹ் செலவு வேறு வரப் போகிறதே என்று வீட்டில் ஒரு குரல் எழும். 580 மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை அதற்கு என்ன பதில் சொல்வாள்?

வங்கிக் கல்விக் கடன் இருக்கிறதே என்று வெளியில் இருப்பவர்கள் எளிதாகக் கேட்பார்கள். நமக்கு அது எளிதான கேள்வி அல்ல. அது வட்டிக் கடன். 4.5 லட்சம் வரை ஆண்டு வருமானம் உள்ள குடும்பங்களுக்குத் தொழிற்கல்விக் கடனில் படிக்கும் காலத்து வட்டியை ஒன்றிய அரசே ஏற்கும் திட்டம் இருக்கிறது. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், தேர்ந்தெடுக்கப்பட்ட கல்லூரிகளில் சேர்பவர்களுக்கு 8 லட்சம் வருமானம் வரை 3 சதவீத வட்டிச் சலுகை உண்டு. ஆனால் இரண்டும் படிப்புக் காலத்துக்கும் அதைத் தொடர்ந்த ஓராண்டுக்கும் மட்டுமே. அதன் பிறகு வரும் வட்டியைப் பிள்ளைதான் கட்ட வேண்டும். சிறுபான்மையினருக்கான டாம்கோ கடனிலும், விகிதம் குறைவு என்றாலும், வட்டி உண்டு. இக்கட்டான நிலையில் இதற்கு இடம் உண்டா என்பதில் ஆலிம்களிடையே பேச்சு இருக்கிறது. நாம் இங்கே ஃபத்வா கொடுக்க வரவில்லை. உங்கள் ஊர் ஹஜ்ரத்திடம் கேளுங்கள்.

நாம் சொல்ல வருவது வேறு. கல்விக் கடன் ஹராம் என்று விலகி நிற்கும் அதே குடும்பம்தான் நகையை அடகுக் கடையில் வைக்கிறது. அடகுக் கடையும் வட்டிதான். பல இடங்களில் கல்விக் கடனைவிட அதிக வட்டி. மகளிர் குழுவுக்குக் கடன் தரும் நிறுவனத்தில் வாங்கி வாரத் தவணை கட்டுவதும் வட்டிதான். கல்விக் கடன் காகிதத்தில் கண்ணுக்குத் தெரிகிறது, ஊரில் நாலு பேருக்குத் தெரிகிறது. அடகு யாருக்கும் தெரியாமல் நடக்கிறது. வட்டியைத் தவிர்க்க வேண்டும் என்ற ஈமானிய உணர்வு உண்மையானது, மதிக்க வேண்டியது. அந்த உணர்வோடு வருபவருக்கு மாற்று வழி ஒன்றைக் காட்டாமல் மிம்பரில் வட்டியைக் கண்டித்துப் பயான் செய்துவிட்டு இறங்கினால், அவர் அடகுக் கடைக்குத்தான் போவார்.

அரசின் உதவியும் சுருங்கிவிட்டது. ஆராய்ச்சி மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் ஃபெலோஷிப்பை நிறுத்தியதாக 2022 டிசம்பரில் ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் அறிவித்தது. வெளிநாட்டுப் படிப்புக் கடனுக்கான படோ பர்தேஷ் வட்டி மானியமும் அதே காலத்தில் முடிந்தது. தொழிற்கல்வி படிக்கும் சிறுபான்மை மாணவர்களுக்கான மெரிட் கம் மீன்ஸ் உதவித்தொகைக்கு 2022-23 பட்ஜெட்டில் 365 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். மறு ஆண்டு அது 44 கோடி. 2023-ல் 830 நிறுவனங்கள் போலிப் பயனாளிகளைக் காட்டிப் பணம் எடுத்ததாகச் சிறுபான்மை அமைச்சகமே சி.பி.ஐ.யிடம் புகார் கொடுத்தது. திருடியவர்களைப் பிடிக்கட்டும், தண்டிக்கட்டும். உண்மையாகப் படிக்கும் பிள்ளையின் உதவித்தொகை எதற்காக நிற்க வேண்டும் என்ற கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை.

மாநிலத்தில் நிலைமை இவ்வளவு மோசமில்லை. ஆனால் கிடைப்பதை நாமே கைநழுவ விடுகிறோம், இது நம்மில் பலருக்கு உறைப்பதில்லை. 2007 முதல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீதத் தனி இடஒதுக்கீடு இருக்கிறது. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் தொழிற்கல்வியில் கட்டணச் சலுகை உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் பாடக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டும். இவை அனைத்தும் கலந்தாய்வு வழியே சேர்பவருக்குத்தான். நம்மவர்கள் என்ன செய்கிறோம்? தேர்வு முடிவு வருவதற்கு முன்பே, ஏப்ரலிலேயே, தெரிந்தவர் மூலமாக ஒரு கல்லூரியில் முன்பணம் கட்டி நிர்வாக ஒதுக்கீட்டில் சீட்டைப் பிடித்துவிடுகிறோம். அந்த ரசீதோடு முதல் பட்டதாரி சலுகை போயிற்று, 7.5 சதவீதமும் போயிற்று, பாடக் கட்டணமும் 30 ஆயிரத்துக்கு மேல் கூடிற்று. நான்கு ஆண்டுக்குக் கணக்குப் போட்டால் ஒன்றேகால் லட்சம் ரூபாய் வித்தியாசம். சிறுபான்மைப் பொறியியல் கல்லூரிகளும் பாதி இடங்களைக் கலந்தாய்வுக்குக் கொடுக்கின்றன என்பதும் பலருக்குத் தெரியாது. முன்பணம் கட்டிவிட்டோமே என்று பயந்து அங்கேயே சேர வேண்டியதில்லை. விலகும் மாணவரின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது, குறித்த நாளுக்குள் விலகினால் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே அறிவித்திருக்கிறது.

புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் ஆயிரம் ரூபாய் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்ற எண்ணமும் இருக்கிறது. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களும் இப்போது பெறலாம். நம் சமுதாயத்தின் பழைய உயர்நிலைப் பள்ளிகள் பல இந்த வகையில் வருபவைதான்.

இனி பைத்துல்மாலுக்குத் திரும்புவோம். ஊருக்கு ஊர் உதவி நடக்கிறது, இல்லை என்று சொல்ல முடியாது. காயல்பட்டினத்தில் இக்ராஃ கல்விச் சங்கம், வெளிநாடுகளில் வாழும் காயலர் நல மன்றங்களின் துணையோடு, மாணவர்களுக்கு உதவித்தொகை வழங்கி வருகிறது. ஆனால் பெரும்பாலான மஹல்லாக்களில் கல்வி உதவி என்பது ரமளான் கடைசிப் பத்தில் ஒரு கவரில் வைத்துக் கொடுக்கும் இரண்டாயிரமும் மூவாயிரமும்தான். வாங்கியவருக்கு அது பெருநாள் துணிக்குப் போகும். தவறில்லை, பசியும் துணியும் தேவைதான். அதைக் கல்வி உதவி என்று கணக்கில் எழுதுவதுதான் சரியில்லை.

இரண்டு தனி நிதிகள் வேண்டும் என்று நினைக்கிறோம். ஒன்று ஸகாத் நிதி. அத்தவ்பா அத்தியாயத்தின் 60-வது வசனம் சொல்லும் எட்டு வகையினரில் வரும் ஏழை, வறியவர் வீட்டுப் பிள்ளைக்கு அது திருப்பிக் கேட்காத உதவியாகப் போக வேண்டும். ஹனஃபி மத்ஹபில் ஸகாத்தைப் பெறுபவருக்கு உடைமையாக்கிக் கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஜமாஅத் நேராகக் கல்லூரிக் கணக்கில் கட்டினால் அந்தக் கேள்வி எழும். மாணவர் கையிலோ அவர் கணக்கிலோ கொடுத்து ரசீதை வாங்கிக்கொள்வது சிக்கல் இல்லாத வழி. பணத்தை ஜூலை வரை வைத்திருக்கலாமா என்பதையும் முன்பே உலமாக்களிடம் கேட்டு முடிவு செய்துகொள்ள வேண்டும்.

அந்த ஜவுளிக்கடை வாப்பா, ஒரு மளிகைக் கடைக்காரர், ஒரு ஆசிரியர் போன்றவர்கள் ஸகாத் வாங்கக் கூசுவார்கள், சிலர் வாங்கத் தகுதி உள்ளவர்களாகவும் இருக்க மாட்டார்கள். இவர்களுக்குத் தேவை அழகிய கடன், கர்ளன் ஹஸனா. இது ஸகாத் பணத்தோடு கலக்காத தனி நிதியாக இருக்க வேண்டும். நூறு வீடுகள் மாதம் 200 ரூபாய் போட்டால் ஆண்டுக்கு 2 லட்சத்து 40 ஆயிரம். வசதி உள்ள இருபது பேர் மூன்று ஆண்டில் திருப்பித் தரும் பேச்சில் ஆளுக்கு 25 ஆயிரம் வைத்தால் 5 லட்சம். இரண்டும் சேர்ந்தால் ஒரு நடுத்தர மஹல்லாவில் பதினைந்து பிள்ளைகளின் முதல் பருவத்தை ஜூலையில் தாங்கலாம். திருப்பி வந்த பணம் அடுத்தவருக்கு.

"கொடுத்தால் திரும்பி வராது பாய்" என்பார்கள். இந்தப் பயத்தை நாம் சும்மா தள்ளிவிடவில்லை. வாங்கிய கடனை ஜமாஅத் காசுதானே என்று மறந்துபோனவர்கள் எல்லா ஊரிலும் உண்டு, அதனாலேயே நின்றுபோன நிதிகளும் உண்டு. குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் கடனை எழுதி, சாட்சி வைக்கச் சொல்லும் வசனம்தான். எழுதாமல், சாட்சி இல்லாமல், முகத்தைப் பார்த்துக் கொடுத்தால் பணம் எப்படித் திரும்பும்? மஹல்லாவில் இருவர் ஜாமீன், தந்தையும் பிள்ளையும் சேர்ந்து கையெழுத்து, பிள்ளை வேலைக்குப் போன பின் சிறு தவணை. உண்மையிலேயே முடியாதவருக்கு அவகாசம் கொடுக்கவும் அதே ஸூரா பகரா சொல்கிறது. அவர் யார், ஏமாற்றுபவர் யார் என்பது சொந்த மஹல்லாவுக்குத் தெரிவதுபோல் எந்த வங்கிக்கும் தெரியாது.

அடுத்த ரமளானுக்கு இன்னும் சில மாதங்களே உள்ளன. நம் ஜமாஅத் அலுவலகங்களில் நிக்காஹ் பதிவேடு இருக்கிறது, சந்தா பதிவேடு இருக்கிறது, கப்ருஸ்தான் பதிவேடு இருக்கிறது. மஹல்லாவில் இந்த ஆண்டு பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டால் சொல்ல ஆளில்லை. டிசம்பருக்குள் மக்தப் உஸ்தாதும் இரண்டு கல்லூரி மாணவர்களும் வீடுவீடாகப் போனால் ஒரு வாரத்தில் முடியும் வேலை அது. பெயர், படிக்கும் பள்ளி, அரசுப் பள்ளியா உதவி பெறும் பள்ளியா, வீட்டில் ஏற்கெனவே பட்டதாரி உண்டா, சாதிச் சான்றும் வருமானச் சான்றும் கையில் இருக்கின்றனவா, என்ன படிக்க ஆசை. இவ்வளவு போதும். அந்தப் பட்டியல் கையில் இருந்தால், ரமளானில் வரும் பணத்தில் எவ்வளவு ஜூலைக்குத் தேவைப்படும் என்று செயற்குழு முன்கூட்டியே பேசலாம்.